குடல் அழுகிய பிள்ளையும் கையெழுத்து வாங்குகிற காகிதமும்

"குறைமாசப் பிள்ளைக்குக் குடல் ஆபரேசன் பண்ணுறதைப் பத்தியெல்லாம் நாம எழுதணுமா? அதை டாக்டருங்க பார்த்துக்குவாங்க, நமக்கு வேற வேலை இல்லையா?" என்று ஒரு தோழர் கேட்டார். வேற வேலை நிறையக் கிடக்கிறது. பஞ்சமி நிலம் கிடக்கிறது, சுடுகாட்டுப் பாதை கிடக்கிறது. ஆனால் 'டாக்டருங்க பார்த்துக்குவாங்க' என்று நாம் ஒதுங்கிக்கொண்ட இடங்களில்தான் நம்ம பிள்ளைகள் சத்தமில்லாமல் குறைந்துபோகிறார்கள். ஊர்வலம் போக முடியாத சாவு அது. சுவரொட்டி ஒட்ட முடியாது, ஒட்டுவதற்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டோம். வார்டு நோட்டில் 'இன்னாருடைய குழந்தை' என்று தாயின் பெயரில்தான் வந்திருக்கும், அப்படியே போயும்விடும். அதனால்தான் எழுதுகிறேன். மருத்துவக் கல்லூரியில் படிக்கிற நம்ம பிள்ளைகள் எங்காவது தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று பட்டால் சண்டைக்கு வரட்டும்.

நோயின் பெயரை டாக்டர்கள் என்.ஈ.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். முழுப்பெயர் நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ். வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற நம்ம பொம்பளைங்க 'குடல் வெந்துபோச்சாம்' என்கிறார்கள். எனக்கு என்னவோ இரண்டாவது பெயர்தான் சரியாகப் படுகிறது. ஏழாம் மாசத்திலோ அதற்கும் முன்னாலோ, ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே எடையோடு பிறந்து, மூச்சுக் கண்டத்தைத் தாண்டி, குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் இறங்க ஆரம்பித்த பிறகு இது வருகிறது. பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். அதாவது, 'பிள்ளை பொழைச்சுக்கிச்சு' என்று ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பிய பிறகு. வயிறு பானை மாதிரி உப்பும். கொடுத்த பால் இறங்காமல் குழாயில் பச்சையாகத் திரும்பி வரும். மலத்தில் ரத்தம் தெரியும். பிள்ளை மூச்சு விடவே மறந்து மறந்து போகும். எக்ஸ்ரே எடுத்தால் குடலின் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் வரிசையாகத் தெரியும். அந்தச் சுவர் ஓட்டையாகிவிட்டால் காற்றும் மலமும் வயிற்றுக்குள்ளே கொட்டிவிடும்.

ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் கிடையாது. முதிராத குடல், அதற்குப் போதாத ரத்த ஓட்டம், அதில் குடியேறுகிற கிருமிகள், அதற்குள் போகிற பால், எல்லாம் சேர்ந்து நடக்கிற வேலை அது. முதலில் கத்தியில்லாமல்தான் வைத்தியம். பாலை நிறுத்துவார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுக் காற்றையும் பித்தத்தையும் வெளியே எடுப்பார்கள். கிருமிக்கொல்லி மருந்து, ரத்தக்குழாய் வழியாகச் சத்து என்று பத்து நாள், இரண்டு வாரம் ஓடும். பாதிப் பேருக்கு மேல் இதிலேயே தேறிவிடுவதுண்டு. மீதிப் பேருக்குக் குடல் செத்துப்போகிறது, அல்லது ஓட்டை விழுகிறது. அப்போதுதான் சர்ஜன் வருகிறார்.

அவருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வயிற்றைத் திறந்து, செத்த குடலை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல குடலின் முனையை வயிற்றின் மேலே கொண்டுவந்து தைத்து வைப்பது. கொஞ்சக் காலத்துக்கு மலம் அந்த வழியாக வரும். பிள்ளை தேறினதும் இன்னொரு ஆபரேசன் பண்ணி உள்ளே சேர்ப்பார்கள். இரண்டாவது, திறக்காமலே, வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் சின்னதாகக் கீறி, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, உள்ளே தேங்கினதை வடியவிடுவது. இதைப் பிள்ளை கிடக்கிற பெட்டியிலேயே, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்துவிடலாம். 1977இல் டொரண்டோவின் குழந்தைகள் ஆஸ்பத்திரி சர்ஜன்கள் இதைப் பற்றி எழுதினார்கள். ஆபரேசன் மேசையைத் தாங்கமாட்டாத பிள்ளைகளுக்கு, கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது அது. பார்த்தால் சிலது ஆபரேசனே இல்லாமல் பிழைத்துவிட்டன. அன்றிலிருந்து கத்தியா குழாயா என்று டாக்டர்களுக்குள் வழக்கு.

இந்த வழக்கில் நமக்கு என்ன என்று கேட்கக்கூடாது. இருக்கிறது. குழாய்க்கு மயக்கமருந்து டாக்டர் வேண்டாம், தியேட்டர் வேண்டாம், செலவு குறைவு. ஆகவே எந்தப் பிள்ளைக்குக் கத்தி, எந்தப் பிள்ளைக்குக் குழாய் என்பது பிள்ளையின் வயிற்றைப் பார்த்து மட்டுமே முடிவாகிறதா, அப்பனுடைய சட்டையையும் பார்த்து முடிவாகிறதா என்று நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த 117 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். 90 நாளுக்குள் இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஏறக்குறைய 35 பிள்ளைகள் இறந்தன. வித்தியாசம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு 'எதைச் செஞ்சாலும் ஒண்ணுதான்' என்று பல இடங்களில் பேச்சு கிளம்பியது. 2021இல் இன்னொரு ஆய்வு வந்தது. ஒரு கிலோவும் அதற்குக் கீழேயும் உள்ள சுமார் 310 பிள்ளைகள். இந்த முறை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. ஒன்றரை, இரண்டு வயசில் நடக்கிறதா, புரிந்துகொள்கிறதா, கண் காது இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமாகக் கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான், 69, 70 என்று வந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தபோது விசயம் வேறாக இருந்தது. 'இது குடல் அழுகல்தான்' என்று ஆபரேசனுக்கு முன்னாலேயே டாக்டர் கணித்த பிள்ளைகளில், வயிற்றைத் திறந்தவர்களுக்கு மரணமோ ஊனமோ நூற்றுக்கு 69. குழாய் மட்டும் வைத்தவர்களுக்கு 85. அழுகல் இல்லாமல் ஓட்டை மட்டும் விழுந்த பிள்ளைகளுக்குக் குழாய் ஒன்றும் மோசமில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். செத்த குடலை உள்ளே விட்டுவிட்டுக் குழாய் வைத்தால் பிள்ளை ஒருவேளை உயிரோடு வரலாம், ஆனால் அந்த விஷம் மூளைவரை போய் வேலை செய்கிறது. அந்த ஊனத்தை மருத்துவமனை சுமக்கப்போவதில்லை. தாய்தான் இடுப்பில் சுமப்பாள். களத்துக்கும் ஆலைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போவாள். ஆகவே 'இந்தப் பிள்ளைக்கு இது போதும்' என்று குழாயோடு நிறுத்தும்போது யாருக்காகச் சிக்கனம் பண்ணுகிறோம் என்று சர்ஜன்கள் யோசிக்கவேண்டும். அதே நேரம், குழாயையே கேவலமாகப் பேசுகிற ஆளில்லை நான். குழந்தை சர்ஜன் இல்லாத ஊரில், ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கிற பிள்ளைக்கு ஒரு குழாய் வைத்து ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பத் தெரிந்த டாக்டர் எனக்குச் சாமிக்குச் சமம். ஏற்றி அனுப்பவேண்டும் என்பதுதான் கண்டிசன்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. 1980கள் வரைக்கும், அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளிலேயே, குறைமாசப் பிள்ளைகளில் பலருக்கு வலி தெரியாமல் இருக்க மருந்தே கொடுக்காமல் ஆபரேசன் செய்தார்கள். அசையாமல் கிடக்க மருந்து உண்டு. வலிக்கு இல்லை. ஏன்? அதுங்களுக்கு நரம்பு முதிரவில்லை, வலி தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது என்றார்கள். மயக்கமருந்து பிள்ளையைக் கொன்றுவிடும் என்றும் பயந்தார்கள். இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப்போன கன்வல்ஜித் சிங் ஆனந்த் என்கிற டாக்டர், ஆபரேசனுக்குப் போய்வருகிற குறைமாசப் பிள்ளைகள் ஏன் இப்படி வெளுத்துப்போய்த் திரும்புகின்றன என்று கேட்டார். 1987இல் அவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், வலி மருந்து கொடுத்த பிள்ளைகளின் உடம்பு ஆபரேசனைத் தாங்கியது, கொடுக்காத பிள்ளைகளின் உடம்பு கொந்தளித்தது என்று ரத்தத்தை அளந்து காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கம் மாறத் தொடங்கியது.

பேச வராத உடம்புக்கு வலியும் வராது என்று படித்தவர்கள் எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்கள் பாருங்கள். அந்த நம்பிக்கை நமக்குப் புதுசில்லை. 'அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு' என்று நம்மைப் பற்றிச் சொல்கிற வாய்க்கு இன்றைக்கும் பஞ்சமில்லை. பிரசவ வார்டில் கத்துகிற பெண்ணிடம் 'அப்ப இனிச்சுதா?' என்று கேட்கிற வாயும் அதுதான்.

இப்போது மண்ணச்சநல்லூருக்கு வருகிறேன். அரிசிக்குப் பேர்போன ஊர். பொன்னி அரிசி மூட்டையில் ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். நெல் அவித்து, களத்தில் கொட்டி, காலால் கிண்டிக் கிண்டிக் காயவைத்த பொம்பளைகளின் ஊர் என்று யாரும் மூட்டையில் அச்சடிக்க மாட்டார்கள். இப்போது பல ஆலைகளில் காயவைக்க மிசின் வந்துவிட்டது. கூட்டுறது, அள்ளுறது, தூக்குறது, தவிட்டுக்குள் நிற்கிறது இன்னும் மிச்சமிருக்கிறது. அவியல் தொட்டிப் பக்கத்துச் சூடும் மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2024இல் வெளியான ஆய்வு ஒன்று, சூட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கருக்கலைவு இரண்டு மடங்கு என்று சொன்னது. எங்க அம்மாயி இதை ஆய்வு இல்லாமலே சொல்லும்: "அவியலுக்கு நின்னா தங்காதுடா."

எங்க அக்கா மகளுக்கு ஏழாம் மாசத்தில் வலி வந்தது. ஆலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு. அங்கிருந்து டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்து நெரிசல் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி. வழியில் யாரோ சொன்ன தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். பிள்ளை 1,100 கிராம். தாயை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிள்ளை மட்டும் கண்ணாடிப் பெட்டியில். தினமும் பஸ்ஸில் வந்து பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். தையல் போட்ட உடம்போடு எத்தனை நாள் வருவாள்? வராத நாளெல்லாம் டப்பாப் பால். பதினாறாம் நாள் வயிறு உப்பியது.

எங்க மச்சானைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "ஆபரேசன் பண்ணணும்ப்பா. ரெண்டு லட்சம் முதல்ல கட்டிரு. பண்ணாலும் சொல்ல முடியாது. இல்லைன்னா எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிடு. நீ சின்ன வயசுதான், அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்." காப்பீட்டு அட்டையை நீட்டினால், இதுக்கெல்லாம் வராது என்று தள்ளிவிட்டார்கள். இது மொத்தம் ஐந்து நிமிசம். அதே ஆஸ்பத்திரியில் அதே வாரம், காரில் வந்து இறங்கின இன்னொரு பிள்ளையின் அப்பாவுக்கு ஏ.சி. அறையில் படம் போட்டு, குடல் எவ்வளவு நீளம், எவ்வளவு போனால் பிழைக்கும், எத்தனை மாசம் ஆகும் என்று முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த நம்ம ஆள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். டாக்டருக்குப் பேசத் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆள் பார்த்துப் பேசுகிறார்.

'எழுதிக் கொடுத்துட்டுப் போறது' என்கிற அந்தக் காகிதத்தைப் பற்றி நாம் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் குழந்தையை அழைத்துச் செல்கிறோம் என்று அதில் இருக்கும். சொந்த விருப்பம்! இரண்டு லட்சம் கையில் இல்லாதவனுக்கு வேறு என்ன விருப்பம் மிச்சம் இருந்தது? கையெழுத்து விழுந்த அந்த நிமிசத்தோடு பிள்ளை அந்த ஆஸ்பத்திரியின் கணக்கிலிருந்து இறங்கிவிடுகிறது. வழியில் செத்தாலும், வீட்டுத் திண்ணையில் செத்தாலும், அங்கே செத்ததாகாது. அங்கே சாவு விகிதம் ஏறாது. குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஒரு கைநாட்டு. நிலத்தை எழுதி வாங்கினதும் இப்படித்தான், 'சம்மதத்தின் பேரில்' என்றுதான் அந்தப் பத்திரங்களிலும் இருந்தது.

எங்க சனம் அதில் கையெழுத்துப் போடவில்லை. அக்கா ஒரே பிடியாக நின்றாள், 'கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு நீங்களே எழுதிக் குடுங்க, ஆம்புலன்சுல அனுப்புங்க' என்று. அரசு மருத்துவமனையில் ராத்திரியோடு ராத்திரியாக வயிற்றைத் திறந்தார்கள். செத்துப்போயிருந்தது ஒரு சாண் குடல்தான். பிள்ளை பிழைத்தது. அடுத்த பெட்டியில் இருந்த பிள்ளைக்குக் கிட்டத்தட்ட முழுக்குடலும் கறுத்துவிட்டிருந்தது. திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். அந்தத் தாயை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, இதுக்கு மேல வெட்டினா பிள்ளை பால் குடிச்சு வாழவே முடியாதும்மா, நீ மடியில வச்சுக்கோ என்று அந்தப் பெரிய டாக்டர் சொன்னார். எந்தப் பிள்ளையையும் எப்படியாவது வெட்டு என்று கேட்கிற கட்சி இல்லை நாம். அந்த நாற்காலி எல்லாருக்கும் போடப்படவேண்டும் என்கிற கட்சி.

டப்பாப் பால் என்றேனே, அதற்கு வருகிறேன். 1990இல் இங்கிலாந்தில் ஆலன் லூகாசும் டி.ஜே. கோலும் 926 குறைமாசப் பிள்ளைகளைப் பார்த்து எழுதினார்கள்: தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளைவிட, டப்பாப் பால் மட்டுமே குடித்த பிள்ளைகளுக்கு இந்தக் குடல் அழுகல் 6 முதல் 10 மடங்கு அதிகம். அமெரிக்காவில் 2024இல் இதை வைத்து வழக்குகள் நடந்தன. மார்ச்சில் இல்லினாய்ஸ் மாநில நடுவர் குழு ஒன்று மீட் ஜான்சன் கம்பெனி 6 கோடி டாலர் கொடுக்கவேண்டும் என்றது. ஜூலையில் மிசூரி மாநிலத்தில் அபாட் கம்பெனிக்கு எதிராக 49.5 கோடி டாலர். எதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்: டப்பாப் பால்தான் இந்த நோயை உண்டாக்குகிறது என்று நிரூபணம் இல்லை என்று அந்த நாட்டு அரசு நிறுவனங்கள் அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை விட்டன. ஆனால் தாய்ப்பால் காப்பாற்றுகிறது என்பதை அந்த அறிக்கையும் மறுக்கவில்லை. கம்பெனிக்காரன் விஷம் வைத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. தாயை மூன்றாம் நாள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பின இடத்தில் அவன் டப்பா வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் 1992லேயே குழந்தைப் பால்மாவு விளம்பரத்தைத் தடுக்கிற சட்டம் வந்தது, 2003இல் அதை இறுக்கினார்கள். சட்டத்தால் விளம்பரத்தைத் தடுக்கலாம். தாய்க்கு ஒரு கட்டிலை அது போட்டுக் கொடுக்குமா?

கட்டில் என்று சும்மா சொல்லவில்லை. 2021இல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. எடை குறைந்த பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்தே தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துப் பராமரித்தபோது சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு அவர்கள் செய்த பெரிய காரியம், தீவிர சிகிச்சை வார்டுக்குள்ளேயே தாய்க்கும் இடம் கொடுத்தது. அழுக்கு, கிருமி, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று தாயை வாசலில் நிறுத்துகிற பழக்கத்துக்கு நேர் எதிரான வேலை.

தாய்க்குப் பால் வராவிட்டால் அடுத்த தாயின் பால். 1989இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். 2015இல் தமிழ்நாட்டு அரசு திருச்சி, மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர் என்று சில ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இந்த வங்கிகளைத் திறந்தது. பல தாய்மாரின் பாலை வாங்கி, பரிசோதித்து, ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரியில் 30 நிமிசம் சூடுபடுத்தி, உறையவைத்துக் கொடுக்கிறார்கள். எந்தப் பால் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ தலைவர்கள் இலை போட்டு நடத்தின சமபந்தி போஜனத்தால் முடியாதது அந்த ஸ்டீல் பாத்திரத்துக்குள் நடந்துவிடுகிறது! இதிலே வரலாறு ஒன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் துரைசானிகளின் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கக் கூலிக்கு வைத்த பெண்ணுக்கு 'ஆமா' என்று பெயர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். அவள் பால் துரைப் பிள்ளைக்கு, அவள் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணி. இன்றைய வங்கியில் கூலியும் இல்லை, கட்டாயமும் இல்லை. அதனால் இதை ஆதரிக்கிறேன். ஆனால் 'யார் பாலோ என்னவோ' என்று முகம் சுளிக்கிற சொந்தக்காரர்கள் வாசலில் இருக்கத்தான் செய்கிறார்கள். நம்ம பக்கத்திலேயும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அந்தப் பை. வயிற்றின் மேல் குடல் முனை சிவப்பாக ஒரு ரோசாப்பூ மொட்டு மாதிரி இருக்கும். அதிலிருந்து நாளெல்லாம் தண்ணியாக மலம் கசியும். சுற்றிலும் தோல் வெந்துபோகும். ஒட்டுகிற பை விலை அதிகம், இந்தத் துக்கடாப் பிள்ளைக்குச் சேர்கிற அளவில் கிடைப்பதும் இல்லை. எங்க அக்கா பழைய வேட்டியைக் கிழித்து, மருந்துப் பசையைச் சுற்றிலும் அப்பி, ஒரு நாளைக்குப் பதினைந்து துணி மாற்றினாள். ஒற்றை அறை வீடு, தெருக்குழாயில் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மலம் என்றாலே நம்ம தலையில் ஏற்றி வைத்த சமூகம் இது. அதை அள்ளுகிறவனும் நாம்தான், நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வதும் நம்மைப் பார்த்துத்தான். ஆனால் வார்டில் ஆபரேசனைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த யாரும் அந்தத் துணியை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற ஒரு துப்புரவுப் பெண். ஏழெட்டு வருசமாக அந்த வார்டைக் கழுவுகிறவள், எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். ஆபரேசனில் பிழைத்த பிள்ளை வீட்டுக்கு வந்து வயிற்றுப்போக்கிலும் எடை இழப்பிலும் போய்ச்சேர்ந்தால், அது எந்த ஆய்வின் நூற்றுக்கணக்கிலும் வராது. கிராமத்துச் செவிலியருக்கு இந்தப் பையைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? பையையும் பசையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வைத்தால் என்ன?

2020ஆம் ஆண்டு இந்தியாவில் 30 லட்சம் பிள்ளைகள் குறைமாசத்தில் பிறந்தார்கள் என்று கணக்கு. உலகத்திலேயே அதிகம். அத்தனை பேருக்கும் குடல் அழுகாது, மிகமிகச் சின்னதுகளுக்குத்தான். ஆனால் அந்தச் சின்னதுகளில் நம்ம பிள்ளை ஏன் இவ்வளவு என்று கேட்டால், பதில் ஆஸ்பத்திரியில் இல்லை. தமிழ்நாட்டில் அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 முதல் பிரசவ விடுப்பு ஒரு வருசம், சம்பளத்தோடு. வரவேற்கிறேன். அரிசி ஆலைக் கூலிக்காரிக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், அதுவும் தவணையில், முதல் இரண்டு பிள்ளைக்கு மட்டும். 1961ஆம் வருசத்துப் பிரசவச் சலுகைச் சட்டம் 2017இல் 26 வாரமாக நீண்டது என்கிறார்கள். தினக்கூலி நோட்டில் பெயரே இல்லாதவளுக்கு எந்த வாரம்?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பிரசவ உதவி மசோதா வந்தபோது எழுந்து நின்று ஆதரித்தவர் அண்ணல் அம்பேத்கர். பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்துக்கே நன்மை, செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கவேண்டும், ஆனாலும் அந்தப் பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கிற முதலாளியும் கொடுக்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். சட்ட அறிவில் மட்டும் வந்த பேச்சு அல்ல அது. அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு சின்ன வயசிலேயே போய்விட்டன. கடைசிப் பிள்ளை ராஜரத்னா இறந்தது 1926இல், மசோதாவுக்கு இரண்டே வருசம் முன்னால்.

இப்போது உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். திருச்சி, தஞ்சாவூர், மதுரை மருத்துவக் கல்லூரிகளில் நம்ம பிள்ளைகள் படிக்கிறார்கள், பயிற்சி டாக்டராக ராத்திரி வேலை பார்க்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக, ஆயாவாக நம்ம பெண்கள் இருக்கிறார்கள். அந்த எழுதிக் கொடுக்கிற காகிதத்தின் வெற்றுப் படிவம் ஒன்றை, எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லாமல், ஒவ்வோர் இடத்திலிருந்தும் எடுத்து அனுப்புங்கள். அது எந்த மொழியில் இருக்கிறது, கையெழுத்துக்கு மேலே எத்தனை வரி இருக்கிறது, எந்த அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேசன் நடக்கும், அங்கே எந்த எண்ணுக்குப் பேசவேண்டும் என்று ஒரு வரியாவது அதில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் அந்த வரியை எழுதி, மாவட்ட ஆட்சியரிடமும் சுகாதாரத் துறை இணை இயக்குநரிடமும் மனுவோடு கொடுப்போம். மண்ணச்சநல்லூரிலிருந்து முதல் மனுவை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.